இருபது பாகத்தில் ஐந்நூறு வருடம்

பதினொன்றாம் வகுப்பில் நாங்கள் வரலாற்றுப் பிரிவு. எங்கள் பள்ளியிலிருந்து மாவட்டக் கண்காட்சிக்கு வருடம் ஒரு குழுதான் போகும். அது எப்போதும் அறிவியல் பிரிவாகவே இருந்தது. நூலகத்தில் கிடந்த பள்ளி ஆண்டு மலர்களையெல்லாம் புரட்டி, நான் பிறந்ததிலிருந்து யார் யார் போனார்கள் என்று ஒரு பட்டியல் எடுத்தேன். எரிமலை மூன்று முறை, காற்றாலை நான்கு முறை, உப்பு நீரைக் குடிநீராக்கும் இயந்திரம் ஐந்து முறை. வரலாறு ஒரு முறைகூட இல்லை.

2025 ஆகஸ்டில் தலைமையாசிரியை, அவர் ஒரு கன்னியாஸ்திரி, நாங்கள் சிஸ்டர் என்போம், எங்கள் வகுப்புக்கு வந்து சொன்னார்: "இந்த வருசம் உங்களுக்கும் ஒரு வாய்ப்பு தாரேன். வெள்ளிக்கிழமை வராந்தாவுல வைங்க, பாப்போம். ஆனா ஒரு தப்பு இருந்தாலும் சயின்ஸ்தான் போகும்." வகுப்பில் முப்பத்தொரு பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். தேதி என்றால் என் பக்கம் திரும்புவது வழக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவள் நான். நடந்ததை மட்டும் எழுதுவேன். நடந்த நேரத்தையும் எழுதுவேன்.

யோசனை என்னுடையதல்ல, என் பக்கத்து இருக்கைக்காரியுடையது. அவள் கடற்கரைத் தெரு. அப்பா கடலில் மூழ்கிச் சங்கு குளிக்கிறவர். நான் ஆத்தூர்ப் பக்கம். எங்கள் வீட்டில் வெற்றிலைக் கொடிக்கால். தினமும் பஸ்ஸில் வந்து போவேன். முத்துக்குளிப்பின் வரலாற்றைச் சார்ட் பேப்பரில் ஒட்டாமல் ஒரு கயிற்றில் கட்டித் தொங்கவிடலாம் என்றாள். குளிக்கிறவன் உயிரே கயிற்றில்தானே இருந்தது.

"ஒரு பாகம் இருபத்தஞ்சு வருசம். இருபது பாகம் எடுத்தா ஐந்நூறு. சரியா வருதா?"

சரியாக வந்தது. பாகம் என்றால் இரண்டு கையையும் அகல விரித்த நீளம். கடலில் ஆழத்தை இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். போர்ச்சுக்கீசியர் இந்தக் கரைக்கு வந்த காலத்தை ஒட்டி 1525-இல் தொடங்கி 2025-இல் முடிப்பதாக வைத்துக்கொண்டோம். அவள் அப்பா புதுக் கயிற்றில் இருபது பாகம் அளந்து இரண்டு முனையிலும் சிவப்புத் துணி கட்டிக் கொடுத்தார். வெட்டக் கூடாது, திரும்பி வர வேண்டும் என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். வருடங்களைச் சரிபார்ப்பது நான். 1658, டச்சுக்காரர் வந்தது. 1825, ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பாகத்துக்கு ஓர் அட்டை; எந்த வருடத்தையும் இரண்டு புத்தகத்திலாவது பார்க்காமல் அதில் எழுதவில்லை. அட்டையின் பின்பக்கம் அவளுடையது. அங்கே அவள் கதை எழுதினாள். எல்லாக் காலத்திலும் ஒரே ஆள் பேசுவான்: படகில் நின்று கயிறு பிடிக்கிற மச்சான். குளிக்கிறவன் கயிற்றை அவன் பெண்டாட்டியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பானாம். உடன்பிறந்தவள் தாலிக்காகவாவது கையை விடமாட்டான் என்ற கணக்கு.

"இதுக்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டேன்.

"எங்கப்பாவுக்கு இன்னைக்கும் எங்க மாமாதாம்ளா வள்ளத்துல நிக்காரு. இப்ப கயிறு இல்ல, காத்துக் குழாய். அவரக் கூட்டிட்டு வந்து ஒட்டவா?"

ராஜாக்களும் கம்பெனிகளும் முத்தை எண்ணி எழுதி வைத்த அளவுக்கு மூச்சடக்கியவனைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பது என் வாசிப்பிலேயே தெரிந்திருந்தது. முன்பக்கம் என்னுடையதாகவும் பின்பக்கம் அவளுடையதாகவும் இருப்பது நியாயம்தான் என்று பட்டது. அவளிடம் சொல்லவில்லை.

புதன்கிழமை அவள் வீட்டில் 1525 தொடங்கும் பழைய முனையிலிருந்து பத்து பாகம் அளந்து 1775 வரை அட்டைகளைக் கட்டினாள். வியாழன் மாலை கயிற்றைச் சாக்கில் போட்டு நான் பஸ்ஸில் கொண்டு போனேன். கொடிக்கால் வரப்பில் புது முனையை மட்டும் உருவி, 2025-இலிருந்து பின்னோக்கி நானும் பத்து பாகம் அளந்து கட்டி, அவள் அட்டையோடு சேர வேண்டிய இடத்தில் 1775 என்று ஒரு சீட்டும் மாட்டினேன். மீதியைச் சுருள் பிரிக்காமல் அப்படியே சாக்கில் திணித்தேன். மணி ஆறு நாற்பது.

வெள்ளி காலை எட்டரைக்கு வராந்தாத் தூண்களில் கயிற்றை இழுத்துக் கட்டினோம். அப்போதுதான் அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏளா, இங்கன ஒரு 1775 கெடக்கு. அங்கன ஒரு 1775 கெடக்கு."

இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாத வெறுங்கயிறு, இரண்டு பாகத்துக்கு மேல்.

எனக்கு விளங்க அரை நிமிடம் ஆனது. அவள் அப்பாவின் கை நீளம். அவள் கை அதைவிடக் குறைவு. என் கை அவளுடையதையும்விடக் குறைவு. அவர் அளந்த இருபது பாகத்தில் நாங்கள் இருவரும் பத்துப் பத்து அளந்தால் கயிறு மிஞ்சத்தான் செய்யும். அது மட்டுமா? டச்சுக்காரர்களின் இருபத்தைந்து வருடம் அகலமாகவும் ஆங்கிலேயருடையது ஒடுக்கமாகவும் இருந்தது. இரண்டு புத்தகம் பார்த்து ஒவ்வொரு வருடத்தையும் சரிபார்த்தவள், இரண்டு பேர் கையைப் பார்க்க மறந்துவிட்டேன்.

சிஸ்டர் வரும் செருப்புச் சத்தம் கேட்டது. என் 1775-ஐ அவள் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சிஸ்டர் முன்பக்கம் படித்தார், திருப்பிப் பின்பக்கம் படித்தார். மச்சான் பேசுவதை இரண்டு இடத்தில் வாய்விட்டே படித்துச் சிரித்தார். நடுவில் வந்து நின்றார்.

"இந்த இடம் மட்டும் ஏன் இவ்வளவு நீளமா காலியா கெடக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "அது சிப்பி இல்லாத காலம் சிஸ்டர். கடலுக்கடியில சிப்பி வெளையுற பார்ல ஒண்ணுமே இல்ல. குளிப்பே நடக்கல. அதான் வெறுங்கயிறா விட்டிருக்கோம்."

அப்படிப்பட்ட காலங்கள் உண்மையிலேயே பலமுறை இருந்திருக்கின்றன. ஆனால் கயிற்றில் அந்த இடத்தில் இல்லை. சிஸ்டர் அந்த வெறுங்கயிற்றைக் கையால் தடவிப் பார்த்தார். "நல்லா யோசிச்சிருக்கீங்க பிள்ளேளா. இந்த வருசம் நீங்கதான்." வகுப்பே கத்தியது.

மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்தது.

"போய்ச் சொல்லப்போறேன்" என்றேன்.

"எதுக்கு? ஒருத்தருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே. அது கதையாயிருந்தா நீ என்ன வேணும்னாலும் எழுது. முன்பக்கம் என்னோடது."

"கயித்துக்கு ஏதுளா முன்பக்கம் பின்பக்கம்?" என்று எழுந்தாள். "வகுப்புல எல்லாரும் உன்னய அடிக்க வந்தா நான் வெலக்க மாட்டேன், பாத்துக்கோ. மொத ஆளா நாந்தான் அடிப்பேன்."

இரண்டு பத்துக்குத் தலைமையாசிரியை அறையில் நின்றேன். சொன்னேன். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"வருசம் தப்பா, கயிறு தப்பா?"

"கயிறு, சிஸ்டர். அந்தச் சிப்பி இல்லாத காலமும் அங்க இல்ல."

"மூணு மணிக்கு நான் பேரை அனுப்பணும். அதுக்குள்ள சரியா கெடந்தா உங்க பேரு. இல்லன்னா சயின்ஸ். போ."

வகுப்பில் போய்ச் சொன்னேன். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவற்றை நாட்குறிப்பில் எழுதவில்லை. அவள் மட்டும் நேராக வராந்தாவுக்குப் போய் அட்டைகளைக் கழற்றத் தொடங்கினாள். பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். திட்டிக்கொண்டே கழற்றினார்கள்.

"இந்தத் தடவ ஒரே கைதான்" என்று அவள் பழைய முனையில் போய் நின்றாள். கையை விரித்தாள். நான் வருடத்தைச் சொன்னேன், ஒருத்தி கிளிப் மாட்டினாள். 1550. 1575. பன்னிரண்டாவது பாகத்தில் அவள் தோள் வலிக்கத் தொடங்கியது.

"கையைத் தொங்கவிடாதே, வருசம் சுருங்கும்" என்றேன்.

"ஒம் மண்டைய இந்தக் கயித்துலயே கட்டித் தொங்கவிடுதேன், இரு. அடுத்து என்ன?"

"1850."

2025 வந்தபோது அதற்கு அப்பால் ஒரு பாகத்துக்கு மேல் கயிறு மிச்சம். வெட்டக் கூடாது. சுருட்டித் தூணுக்குப் பின்னால் ஒளித்தோம். இரண்டு ஐம்பத்து நான்கு. சிஸ்டர் வந்தார். இம்முறை எதையும் படிக்கவில்லை. கயிற்றின் ஓரமாக, ஒரு கிளிப்பிலிருந்து அடுத்த கிளிப்புக்கு அடி வைத்து எண்ணிக்கொண்டே நடந்தார். நாலு, நாலு, நாலு. அவருடைய அடி சின்னது. 1775-ஐத் தாண்டியபோது நான் மூச்சு விடவில்லை. நாலு. கடைசி வரை நாலு. திரும்பி, "பேரை அனுப்பிருதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. இரண்டு தோளையும் மாறி மாறித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத நாள். நடந்ததைச் சொல்ல அவள் வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "எங்க வள்ளத்துல ஒரு ஆளு கைதாம்மா கணக்கு. எறங்குதவன் கை. கரையில நிக்கவன் கைய வச்சு அளந்தா, எறங்குனவன் வந்து சேருவானா?" பாகம் என்பது எல்லோருக்கும் ஒரே நீளம் என்று நினைத்த ஆத்தூர்க்காரியை அவர் மச்சானையும் கூப்பிட்டுக் காட்டினார். அவரும் சிரித்தார்.

கண்காட்சிக்குப் போகும் பஸ்ஸில் அவள் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். கயிற்றுச் சாக்கு எங்கள் காலடியில். ஊர் எல்லை தாண்டும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். பைபாஸில் ஏறியதும் திரும்பினாள்.

"இனி நம்மள யாரும் எறக்கிவிட முடியாது. இப்பச் சொல்லு. வேற எதும் தப்பு இருக்கா?"

இருந்தது. 1825 அட்டையில் மாதத்தை எழுத விட்டுப்போயிருந்தது. நான் சாக்கைப் பிரித்துப் பேனாவை எடுத்தேன்.