கத்தியில்லை, தையலில்லை, பயமில்லை

முதுகுவலி கிளினிக்கில் ரிசப்ஷனில் உட்காருகிறவளுக்கு முதல் தகுதி, தன் முதுகு வலிப்பது வெளியே தெரியாமல் உட்காரத் தெரிந்திருப்பது.

எனக்கு அந்தத் தகுதி தாராளமாகவே இருந்தது. ஊட்டி கான்வென்டில் பன்னிரண்டு வருடம், கையில் ஸ்கேலோடு பின்னால் நடந்துவரும் சிஸ்டர்களுக்குப் பயந்து நிமிர்ந்து உட்கார்ந்து பழகியவள் நான். பச்சைத் தேயிலை விலை விழுந்து, என் வீட்டுக்காரர் வேலை பார்த்த ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஓட ஆரம்பித்தபோது அவர் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். நான் குன்னூரில் இந்தக் கிளினிக்குக்கு வந்தேன். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டாக்டர் வாரத்தில் மூன்று நாள் மலையேறி வருவார். ஆபரேஷனுக்குப் பதிலாக, எக்ஸ்ரே திரையில் பார்த்துக்கொண்டே தண்டுவடத்துக்குப் பக்கத்தில் ஊசி போடுவதும், பேனா நுழையும் அளவுக்குத் துளை போட்டு, பிதுங்கிய ஜவ்வை எடுப்பதும் அவர் வேலை. இங்கே நோயாளிகளைப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டவர்களைக் கீழே கோவைக்கு வரச் சொல்வார். அவர்களைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லி அனுப்புவது என் வேலை.

நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்துகொண்டே "ஒன்றுமில்லை, சும்மா" என்று சிரிக்கிற முதுகுவலிக்காரர்களே, நானும் உங்கள் ஜாதிதான். என் மகளுக்கு ஒன்றரை வயது. அவளைப் பெற்ற நாளிலிருந்து எனக்கு இடுப்பு வலி. ஒரு வருடமாக அதை டாக்டரிடமிருந்து மறைத்தேன். அவர் வாயிலிருந்து ஆபரேஷன் என்ற வார்த்தை வந்துவிட்டால், அப்புறம் என் பிள்ளையை யார் தூக்குவார்கள் என்ற ஒரே பயம். டாக்டருக்கே தெரியாத ஒரு முதுகுவலி அவர் கிளினிக்கின் ரிசப்ஷனிலேயே உட்கார்ந்திருந்தது என்றால், எங்கள் லட்சணத்தை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

முப்பத்தாறு படிகள்

எங்கள் கிளினிக் இரண்டாவது மாடியில். லிஃப்ட் கிடையாது. முதுகுவலிக்காரர்களுக்கு முப்பத்தாறு படி வைத்து வைத்தியம் பார்க்கலாம் என்று யாருக்குத் தோன்றியது என்று நான் கேட்டதில்லை. மேலிருந்து பார்த்தால் சிம்ஸ் பார்க் பக்கத்து மரங்கள் அழகாகத் தெரியும். மேலே வந்து சேர்ந்த யாரும் அதைப் பார்க்கும் நிலையில் இருந்ததில்லை.

பக்கத்து வெலிங்டன் ராணுவ ஆபீஸிலிருந்து ரிட்டயரான ஒரு ஹெட் கிளார்க் வந்தார். நடுவில் இரண்டு இடத்தில் நின்று, கைப்பிடியைத் திட்டி, ஒருவழியாக ஏறிவந்து என் மேசையைப் பிடித்துக்கொண்டார். ஃபாரத்தை நீட்டினேன். 'வலி எப்போது அதிகமாகிறது?' என்ற கேள்விக்கு எதிரே, அழகான ஆபீஸ் கையெழுத்தில் 'இங்கே வரும்போது' என்று எழுதினார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ்வளவு படி ஏறி வந்தவனுக்கு வைத்தியம் வேண்டாம்மா. வைத்தியம் வேணுங்கிறவன் கீழே டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்திருக்கான். உங்க டாக்டர் யாரைப் பார்க்கிறதா உத்தேசம்?"

எல் ஃபோர், எல் ஃபைவ்

ஊட்டியில் வர்க்கி பிஸ்கட் மொத்த வியாபாரம் செய்கிற கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மாதம் ஒருமுறை வருவார். மகளுக்கு ஜாதகம் கொண்டுபோகிற மாதிரி ஸ்கேன் ஃபிலிம்களை ஒரு பையில் கொண்டுவருவார். டாக்டர் வரும்வரை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பக்கத்தில் இருப்பவர்களுக்குக் காட்டுவார். "இது என்ற எல் ஃபோருங்க, இது எல் ஃபைவு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதுதான் எல்லா வம்பையும் பண்றது" என்று தன் இடுப்பெலும்புகளைப் பற்றிப் பங்காளித் தகராறு சொல்வதுபோலச் சொல்வார். ஏற்கெனவே வேறு இரண்டு ஊர்களில் ஊசி போட்டுக்கொண்டவர். எங்களிடம் அதைவிடப் புதுசாக ஏதாவது, முடிந்தால் லேசரில், வேண்டும் என்பது அவர் கோரிக்கை.

டாக்டர் ஃபிலிமைப் பார்த்தார், அவர் வயிற்றைப் பார்த்தார். ஊசியும் வேண்டாம், துளையும் வேண்டாம், தினம் ஒரு மணி நேரம் நடங்கள், நான் சொல்கிற நாலு பயிற்சியைச் செய்யுங்கள், தொப்பையைக் குறையுங்கள் என்று அனுப்பிவிட்டார். ஒரு வருடத்தில் அந்த டாக்டர் சொன்னதிலேயே உருப்படியான வைத்தியம் அதுதான் என்பது என் அபிப்பிராயம். வியாபாரி முகம் சுருங்கி, ஃபிலிம்களைப் பையில் போட்டுக்கொண்டு என் மேசைக்கு வந்தார். "ஏனுங்க, நடக்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டரு மலையேறி வரோணுங்களா? அதை எங்கூட்டுக்காரி பதினஞ்சு வருசமா ஓசியிலயே சொல்லிட்டு இருக்கறா."

இழுக்கும் மேசை

கிளினிக்கின் பின்னறையில் ஒரு மேசை உண்டு. அதில் படுக்கவைத்து, மார்பிலும் இடுப்பிலும் பட்டை கட்டி, மோட்டாரை ஓடவிட்டால் முதுகை மெதுவாக இழுத்துப் பிடிக்கும். கேத்தி பக்கத்திலிருந்து வந்த ஒரு சிறு விவசாயியை அதில் படுக்கவைத்திருந்தேன். கொழுந்து பறித்தால் பறிகூலிக்கே கட்டவில்லை என்று இரண்டு ஏக்கரையும் அப்படியே விட்டிருந்தவர். மழைக்காலம். இழுப்பு பாதியில் இருக்கும்போது கரண்ட் போனது. மேசை அப்படியே நின்றுவிட்டது. மனிதர் முழுவதும் நீட்டப்பட்ட நிலையில் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பட்டையை விடுவிக்கிற கைப்பிடி மேசைக்கு அடியில். குனிந்தேன். பாதி குனிந்ததும் இடுப்பில் ஒரு வெட்டு. அதற்குமேல் கீழேயும் போக முடியவில்லை, மேலேயும் வர முடியவில்லை. மேசை ஓரத்தைப் பிடித்தபடி அரைவட்டமாக நின்றேன். ஆபரேஷன் இல்லாமல் முதுகுவலியை ஒழிக்கும் கிளினிக்கில் நோயாளி படுத்தபடியும் ஊழியர் வளைந்தபடியும் மாட்டிக்கொண்ட காட்சியை யாராவது போட்டோ எடுத்து வாசலில் மாட்டியிருக்கலாம். அவர் மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உங்களுக்குமா? சரி விடுங்க, கரண்ட் வரட்டும். தேயிலைக்கு வெலை வர்ற வரைக்கும் எனக்கும் எந்திரிச்சுப் போய்ச் செய்ய ஒண்ணுமில்ல."

தழும்பு

பாக்கியம் அக்கா எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர், அங்கேயே லயம் என்கிற வரிசை வீடுகளில் குடியிருப்பவர். சிறுமியாக இருந்தபோது சிலோனிலிருந்து பெற்றோருடன் வந்தவர். முதுகில் தொடங்கிய வலி பின்னந்தொடை வழியாகப் பாதம்வரை ஓடியது. மாத்திரைக்கும் பயிற்சிக்கும் கேட்கவில்லை. ஊசி போட்டுப் பார்க்கலாம், பலன் இருக்கும் என்றார் டாக்டர். நான் என் வேலையை ஆரம்பித்தேன். "கத்தியே கிடையாதுக்கா. ஊசி போன இடம் ஒரு பொட்டு அளவுகூடத் தெரியாது. அன்னிக்கு சாயங்காலமே வீட்டுக்கு வந்துடலாம்."

"தழும்பே வராதா, மகள்?" என்றார். வரவே வராது என்றேன் பெருமையாக. "அப்ப எனக்கு வேணாம்" என்று எழுந்துவிட்டார். எனக்குக் கோபம். பயந்தாங்கொள்ளிகளுக்கு நாள் முழுக்கத் தைரியம் சொல்லிச் சொல்லி என் தொண்டைதான் வறண்டது என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்சம் கடுமையாகவே, "வெட்டாம சரியாகறதுல உங்களுக்கு என்னக்கா நஷ்டம்?" என்று கேட்டும்விட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒன்றும் தெரியாத பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி, பொறுமையாகச் சொன்னார்: "எங்க லயத்துல செல்விக்கு முதுகுல ஒரு சாண் நீளத்துக்குத் தையல். அதப் பாத்துட்டுத்தான் எஸ்டேட் தொரை அவளுக்கு நாத்து நர்சரியில குந்தி செய்யிற வேல குடுத்தாரு. நான் போயி பொட்டு அளவுத் தொளையக் காட்டுனா, கொசு கடிச்சிருக்கு, கூடையத் தூக்குன்னுவாரு. வலிய யாரு மகள் பாத்தா, தழும்பத்தான பாக்குறாங்க."

கடைசி வரி

கான்வென்ட் படிப்பு என்பதால் கிளினிக்கின் நோட்டீஸை எழுதும் வேலையும் என் தலையில். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. 'கத்தியில்லை, தையலில்லை, பயமில்லை' என்று தலைப்பு வைத்ததும் நான்தான், வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். கூடவே, டாக்டர் நோயாளிகளிடம் சொல்வதைக் கேட்டுக் கேட்டு, இப்படியும் எழுதியிருந்தேன்: 'பாதம் பலமிழந்து தொங்கினாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ, ஊசிக்குக் காத்திருக்காமல் உடனே அறுவை சிகிச்சை நிபுணரைப் பாருங்கள்.' அதை நடுவில், கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன்.

அச்சாகி வந்தபோது அது பின்பக்கத்தில், பிரஸ்காரரின் பெயருக்கு மேலே, எறும்பு அளவில் இருந்தது. டாக்டரிடம் கேட்டேன். அவர் கெட்டவர் இல்லை. சொல்ல வேண்டியதை நேரில் வருகிறவர்களிடம் தவறாமல் சொல்கிறவர்தான். நோட்டீஸைத் திருப்பிப் பார்த்து, கொஞ்சம் அசடு வழிந்து சொன்னார்: "சொல்லாம விடலையேம்மா. முதல்லயே சொன்னா பயந்துடுவாங்கன்னு கொஞ்சம் அடக்கமா சொல்லியிருக்கோம்."

ஒற்றைச் செருப்பு

அந்த நோட்டீஸ் கட்டு மேசையில் இருந்த வாரத்திலேயே என் இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. குளிர் என்று சொல்லிக்கொண்டேன். குன்னூரில் எதற்கும் குளிரைச் சொல்லலாம். இரண்டு சாக்ஸ் போட்டேன். படியில் கால் நுனி தட்டியபோது படியைத் திட்டினேன். முதுகில் கத்தி வைத்தால் காலமெல்லாம் படுக்கைதான் என்று நம்பி வருகிற நோயாளிகளைப் பகலெல்லாம் மனதுக்குள் கேலி செய்வேன். வீட்டுக்குப் போனால் நானும் அதையே நம்புவேன்.

ஒரு காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளைப் பார்த்துக்கொள்ளும் மேரி அக்கா வீட்டுக்கு இறக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். தூறல். பிள்ளை நனையக்கூடாதே என்று வேகமாக நடந்தேன். கேரட் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் பின்னாலிருந்து கூப்பிட்டார். திரும்பினால், பத்தடி தூரத்தில் ஈரத் தரையில் என் இடது செருப்பு கிடந்தது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. கல்லில் நடந்ததும் தெரியவில்லை. சாக்ஸ் கிழிந்து விரலில் ரத்தம், அதுவும் தெரியவில்லை. என் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த மகள் செருப்பைப் பார்த்துக் கைதட்டினாள். அந்தக் காலோடு, அந்த இறக்கத்தில், அவளைத் தூக்கிக்கொண்டு எத்தனை நாளாக நடந்திருக்கிறேன் என்று அங்கேயே நின்று எண்ணிப் பார்த்தேன். அம்மாள் செருப்பை எடுத்துவந்து என் காலடியில் போட்டுவிட்டுச் சொன்னார்: "பிள்ளைய என்கிட்ட குடு, தாயி. காலு எங்கிருக்குன்னு தெரியாம பிள்ளையத் தூக்கிட்டு நடக்கறவள நான் இப்பத்தான் பாக்கறேன்."

குதிகாலில் நில்லுங்கள்

அன்றே சொன்னேன். டாக்டர் திட்டவில்லை, அதுவே எனக்குப் பயமாக இருந்தது. குதிகாலில் நிற்கச் சொன்னார். வலது பாதம் தூக்கியது. இடது பாதம், அது வேறு யாருடையதோ என்பதுபோலத் தரையிலேயே கிடந்தது. மறுநாள் கோவையில் ஸ்கேன். ஃபிலிமை வாங்கியதும் எனக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கத் தோன்றியது. குன்னூர் கிளினிக்கில் டாக்டர் அதைப் பார்த்தார்: ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்தியிருந்தது. ஊசி வலியைக் குறைக்கும், கால் பலத்தைத் திருப்பித் தராது, இந்த வாரமே ஆபரேஷன், நான் சொல்கிற சர்ஜனிடம் போங்கள் என்றார். ஒரு வருடமாக நான் யாரையெல்லாம் பார்த்து உதட்டைச் சுழித்தேனோ அத்தனை பேரும் என் வாயில் வந்து உட்கார்ந்தார்கள். முதலில் ஊசி போட்டுப் பார்க்கலாமே சார் என்றேன். லேசர் இல்லையா சார் என்றேன். கத்தி வைத்தால் படுக்கையில் விழுந்துவிடுவேனா என்றேன். கடைசியில்தான் உண்மையான கேள்வியைக் கேட்டேன்: பிள்ளையை எத்தனை நாள் தூக்கக்கூடாது?

மூன்று மாதம் என்றார். என்னால் முடியாது, அவள் என்னைத் தவிர யாரிடமும் தூங்கமாட்டாள், அவள் அப்பாவும் ஊரில் இல்லை என்று அழுதேன். பின்னறையில் யாரோ இழுக்கும் மேசையில் படுத்திருந்தார், அவருக்கும் கேட்டிருக்கும். நான் அழுது முடித்ததும் டாக்டர் சொன்னார்: "மூணு மாசம் தூக்காம இருந்தா உங்க பொண்ணு உங்களை மறக்க மாட்டா. மூணு மாசம் தள்ளிப்போட்டா இந்தக் கால் உங்களை மறந்துடும்."

வீட்டுக்காரர் திருப்பூரிலிருந்து வந்துவிட்டார். பிள்ளையை மடியில் போட்டுத் தட்டிப் பார்த்தார். அரை மணி நேரம் அழுதாள், அப்புறம் அவரிடமே தூங்கிவிட்டாள், இவ்வளவுதானா என்று எனக்கே கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது. பை தயார். விடிந்தால், பயமில்லை என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்துச் சம்பளம் வாங்கிய ஒருத்தி, பயத்தில் கைக்குட்டையைப் பிழிந்தபடி, கத்தியும் தையலும் ஒரு சாண் தழும்பும் வாங்கிவர முதல் பஸ்ஸில் மலையிறங்குகிறாள்.