சாமுண்டி மலைக்கு ஒரு கால் கொண்டுபோன கதை

மைசூரில் தொண்டு செய்யப் போகலாமா என்று கேட்டு எங்கள் சபை வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நாலு பேர் எழுதியிருக்கிறார்கள். போகலாம். ஆனால் நான் பட்ட பாட்டை வாசித்துவிட்டு முடிவெடுங்கள். நான் மட்டக்களப்பு, வயது இருபத்து மூன்று, மெதடிஸ்த சபை. போன வருடம் ஜூன் தொடக்கம் செப்டம்பர் வரை அங்கே இருந்தேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் பக்கத்தில், வெளியூர் நோயாளிகளுக்குத் துணையாக வருகிறவர்கள் தங்குவதற்கு ஒரு சபை நடத்தும் விடுதியில் வேலை. விசா எடுத்த கதையை எழுதினால் அது தனிப் புத்தகமாகிவிடும், ஆகையால் விடுகிறேன்.

மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் எட்டு மணித்தியாலம். கொழும்பிலிருந்து பெங்களூருக்கு விமானத்தில் ஒன்றரை மணித்தியாலம் கூட இல்லை. பெங்களூர் விமான நிலைய வாசலிலேயே மைசூருக்கு நேரடி பஸ் நிற்கும். சுமார் 185 கிலோமீற்றர், நான் கொடுத்தது 850 இந்திய ரூபா. நாலு மணித்தியாலம் என்றார்கள், ஐந்தரை எடுத்தது. அதில் ஒன்றேகால் மணித்தியாலம் பெங்களூரை விட்டு வெளியே வருவதற்கே போனது.

என்னை ஏன் கூப்பிட்டார்கள் தெரியுமா? அனூர், கொள்ளேகால், கோபிநத்தம் பக்கமிருந்து தமிழ் பேசும் நோயாளிகள் நிறைய வருகிறார்களாம். அவர்களுக்கும் கன்னடம் பேசும் தாதிமாருக்கும் நடுவில் கதைத்து உதவ ஒரு தமிழ்ப் பிள்ளை வேண்டுமாம். நானும் பெரிய நினைப்போடு போய் இறங்கினேன். முதல் நாளே விளங்கிவிட்டது. அந்தச் சனத்துக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அந்த வார்டில் கன்னடம் தெரியாத ஒரே ஆள் நான்தான். தாதி சொல்வதை நோயாளியின் மனைவி எனக்குத் தமிழில் சொல்லுவாள், நான் தலையாட்டுவேன்.

சபைக்காரர்களுக்கு இன்னொரு ஏமாற்றம். வெளிநாட்டிலிருந்து தொண்டர் வருகிறார் என்று அறிவித்திருந்தார்கள். வெள்ளைக்காரி வருவாள் என்று வந்து பார்த்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளை போல நான் நிற்கிறேன். "ஃபாரின்னு சொன்னாங்களே?" என்று என் முகத்துக்கு நேரேயே கேட்டார்கள். இருந்தாலும் மரியாதையில் குறை வைக்கவில்லை. முதல் ஞாயிறு ஜரிகைத் தலைப்பாகை, சால்வை, ஏலக்காய் மாலை, படம். அடுத்து பெண்கள் ஐக்கியத்தில் ஒன்று, வாலிபர் கூட்டத்தில் ஒன்று, பாடகர் குழுவில் ஒன்று. மூன்று வாரத்தில் ஒன்பது சால்வை சேர்ந்தது, வேலை ஒன்றும் சேரவில்லை. துடைப்பத்தை எடுத்தால் யாராவது ஓடிவந்து பறிப்பார்கள். எனக்கு எரிச்சல் தாங்காது. நான் என்ன கலியாணப் பொம்பிளையா, மேடையில் உட்கார்ந்திருக்க?

விடுதிப் பொறுப்பாளர் சுகுணா மேடம், ஓய்வுபெற்ற தாதி, மைசூர்த் தமிழர். அவர் எனக்கு ஒரே ஒரு விதிதான் சொன்னார். "வார்டுக்குள்ள ஜெபம் பேட, வேண்டவே வேண்டாம். வாய் திறந்து ஒரு வார்த்தை பண்ணினாலும் நாளைக்கே கம்ப்ளெய்ண்ட் ஆகும். போன தடவை வந்த பையன் பண்ணிட்டுப் போயிட்டான், விடுதியை ரெண்டு மாசம் மூட வேண்டியதாச்சு. ஜனங்க எல்லாம் வராண்டால படுத்தாங்க." அவர் சொன்னதில் பிழை இல்லை, எனக்கும் அது தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஜெபம் செய்யாத, கன்னடம் தெரியாத, துடைப்பம் பிடிக்கக் கிடைக்காத ஒரு கிறிஸ்தவத் தொண்டர்!

இந்த நிலையில்தான் ராசாத்தி அக்கா வந்தா. ஊர் கோபிநத்தம். அவவுடைய கணவர் மாதையன் மைசூரில் கட்டட வேலைக்கு வந்தவர். இடது பாதத்தில் ஆணி ஏறி, சர்க்கரை வியாதியும் சேர்ந்து, கால் கறுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஒப்பரேஷன். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வருமா, பாதத்தோடு நிற்குமா என்பதைத் திறந்து பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊரில் இரண்டு ஏக்கர் சோளக்காடு இருக்கிறது, உழுவதற்கு வேறு ஆள் இல்லை.

வியாழக்கிழமை காலை அக்கா என்னைப் பிடித்தா. "அம்மிணி, நீ சர்ச்சுக்காரப் புள்ளதானே? அவருக்கு ஒரு ஜெபம் பண்ணு."

"வார்டில செய்யேலாது அக்கா. விதி இருக்கு."

"உஞ் சாமிகிட்டப் பேசறதுக்கு உனக்கே விதியா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தா. வெட்கத்தில் என் முகம் எரிந்தது. பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்து முந்நூறு ரூபாவை எடுத்து என் கையில் வைத்தா. "எங்க மாதேஸ்வரன் மலை வெகு தொலைவு. சாமுண்டி பக்கத்துலதா இருக்கறா. கடைத்தெருவுல வெள்ளித் தகட்டுல காலு விக்கும். ஒண்ணு வாங்கி, அவர உள்ள கொண்டு போறதுக்கு முன்னால உண்டியல்ல போட்டுடு. என்னால இவர விட்டுட்டு நகர முடியாது."

மெதடிஸ்த பிள்ளைக்கு வந்த சோதனையைப் பாருங்கள். என் சாமியிடம் பேசமாட்டேன் என்று சொல்லிவிட்டு, அவவுடைய சாமியிடமும் போகமாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? காசை வாங்கிக்கொண்டேன். நான் வந்த நாளிலிருந்து எனக்கென்று கிடைத்த முதல் வேலை அதுதான்.

அன்று பின்னேரம் தேவராஜா மார்க்கெட் பக்கத்தில் ஒரு பூசைச் சாமான் கடையில் கேட்டேன். கடைக்காரர் தமிழ் பேசினார். "கண்ணா, கையா, காலா, தொட்டிலா?" என்றார். கால் என்றேன். தகரப் பெட்டியைக் கிளறி ஒன்றை எடுத்துப் பேப்பரில் சுற்றித் தந்தார். 180 ரூபா. மிச்சத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

வெள்ளி காலை 6.10க்கு நகர பஸ் நிலையம். மலைக்கு 13 கிலோமீற்றர், 201ஆம் நம்பர் பஸ், அரை மணித்தியாலப் பயணம் என்று கூகுள் சொல்லியிருந்தது. அது ஆஷாட வெள்ளி என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நம்மவர்களின் ஆடி வெள்ளி போல, அந்த ஊரே மலையேறும் நாள். வழக்கமான பஸ் கிடையாது, தனி வாகனங்களை விடமாட்டார்கள், ஒரு மைதானத்துக்குப் போய் அங்கிருந்து வேறு பஸ் பிடிக்க வேண்டும். அந்த மைதானப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறினேன். கர்நாடகத்துப் பெண்களுக்கு அரசு பஸ் இலவசம். ஆனால் கண்டக்டருக்கு ஆதார் அட்டை காட்ட வேண்டும்.

"ஆதார் தோர்சி, மேடம்."

"என்னிடம் இல்லை. நான் ஸ்ரீலங்கா. டிக்கெட் தாங்க."

அவர் நம்பவில்லை. ஆதாரை வீட்டில் மறந்துவிட்டு வந்து கதை விடுகிறேன் என்று நினைத்து, கன்னடத்தில் ஐந்து நிமிடம் புத்தி சொன்னார். கடைசியில் பாஸ்போர்ட் பிரதியை எடுத்துக் காட்டினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. ஒவ்வொரு நாளும் இதே கூத்துத்தான். காசு கொடுக்கத் தயாராக இருக்கிற மனுசியிடம் காசு வாங்க இவ்வளவு பாடா?

மைதானத்தில் வரிசை மூன்று வளைவு வளைந்து நின்றது. பொறுமை இல்லாமல் ஓட்டோ பிடித்து, 150 ரூபாவுக்கு மலையடிவாரப் படிக்கட்டில் இறங்கினேன். மணி 7.05. ஆயிரத்தெட்டுப் படி. படிக்குப் படி பெண்கள் குனிந்து மஞ்சளும் குங்குமமும் வைத்துக்கொண்டு ஏறுகிறார்கள். அவர்களை முந்தவும் கூடாது, மிதிக்கவும் கூடாது. முக்கால் தூரத்தில் பெரிய நந்தி இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம் என்கிறார்கள், நான் நின்று பார்க்கவில்லை. 8.30க்கு மேலே போய்ச் சேர்ந்தபோது என் வெள்ளைச் செருப்பு மஞ்சள் செருப்பாகியிருந்தது.

கோயில் வரிசையில் அரை மணிக்கொரு தடவை அக்காவின் போன். "போட்டாச்சா அம்மிணி?" இல்லை அக்கா. "போட்டாச்சா?" இன்னும் இல்லை அக்கா. பத்தரைக்கு, "உள்ள தள்ளீட்டுப் போறதுக்கு ஆளுங்க வந்துட்டாங்க. வெரசாப் போடு" என்றா. எனக்கு முன்னால் குறைந்தது நானூறு பேர். முன்னால் நின்ற பெண்ணிடம் கையைக் காலைக் காட்டி, அவசரம், ஒப்பரேஷன் என்று தமிழிலும் இங்கிலிசிலும் கெஞ்சினேன். அவ விளங்கிக்கொண்டு வழி விட்டா. அடுத்தவரும் விட்டார். அதற்கடுத்து நின்ற பெரியவர் எல்லோருக்கும் அவசரம்தான் என்று கையை விரித்துவிட்டார். 11.20க்கு அழைத்தேன், அக்கா எடுக்கவில்லை. 11.50க்கு உண்டியலில் போட்டேன். பேப்பரைப் பிரித்துத் தகட்டைக் கையில் எடுத்ததும் போட்டதும் ஒன்று. பின்னால் நின்றவர்கள் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

பிந்திவிட்டதே என்று பஸ் முழுக்க அழுதுகொண்டுதான் வந்தேன். 1.40க்கு வார்டுக்குள் ஓடினால், மாதையன் அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்! விபத்து நோயாளிகள் இரண்டு பேர் வந்துவிட்டதால் இவரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டார்களாம். போனில் சார்ஜ் தீர்ந்துபோனதால் அக்காவால் எனக்குச் சொல்ல முடியவில்லையாம். கதிரையில் பொத்தென்று இருந்தேன். யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அக்கா தண்ணீர் கொண்டுவந்து தந்தா. நான் குடிக்கக் குடிக்க மெதுவாகக் கேட்டா. "எடது காலுதானே வாங்குன?"

இடதா, வலதா? நான் கேட்கவுமில்லை, பார்க்கவுமில்லை. கால் என்றேன், கடைக்காரர் ஒரு காலைத் தந்தார்.

"ஓம் அக்கா. இடதுதான்."

பொய். ஞாயிறுப் பள்ளியில் ஏழு வருடம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த வாயால் சொன்ன பொய். இதெல்லாம் வெறும் தகடு, இதில் ஒன்றுமில்லை என்றுதானே என்னை வளர்த்தார்கள்? பிறகு ஏன் இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை? வலது காலைப் போட்டிருந்தால் இடது காலுக்கு என்ன ஆகும் என்று ஒரு மெதடிஸ்த பிள்ளை உட்கார்ந்து கணக்குப் போட்டதை எங்கள் சபை மூப்பர்கள் வாசிப்பார்கள். வாசிக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வேறு ஒரு சால்வை போட்டு, சாட்சி சொல்லுங்கள் என்று மைக்கைத் தந்தார்கள். தொண்டை கட்டிவிட்டது என்று சொல்லி இறங்கினேன். அது இரண்டாவது பொய்.

திங்கள் காலை எட்டு மணிக்கு அக்கா திரும்பவும் கேட்டா. "இன்னைக்காவது ஒரு ஜெபம் பண்ணுவியா?"

இந்தத் தடவை விதியைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, தெருவுக்கு அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்குப் போனேன். விதி வார்டுக்குத்தான், டீக்கடைக்கு இல்லை. அங்கே நின்று கண்ணை மூடி வாய்விட்டு ஜெபம் செய்தேன். அழகான வார்த்தை ஒன்றும் வரவில்லை. இடது கால் ஆண்டவரே, இடது, வலது இல்லை, இடது கால் என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது கடைக்காரர் ரேடியோவை நிறுத்திவிட்டு, டீயை ஆற்றாமல் நின்றுகொண்டிருந்தார்.

"அவ்வளவுதானா?" என்றா அக்கா. "இதுக்கா அத்தன விதி சொன்ன?"

பின்னேரம் இரண்டரைக்கு வெளியே கொண்டு வந்தார்கள். விரல்கள் ஐந்தும், பாதத்தில் முன்பாதியும் போய்விட்டன. குதிகாலும் காலும் தப்பிவிட்டன. நான் போன பாதியை நினைத்து அழுதேன். அக்கா தன் குதிகாலைத் தரையில் இரண்டு தடவை ஊன்றிப் பார்த்துவிட்டு, "குதிங்காலு இருக்குது அம்மிணி. காட்டுல நிக்கலாம்" என்றா. அன்று பின்னேரமே எல்லாவற்றையும் சுகுணா மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். டீக்கடை ஆஸ்பத்திரி வாசலுக்கு வெளியேதானே என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

இனிப் போகிறவர்களுக்கு. ஜூன் கடைசியிலும் ஜூலையிலும் வெள்ளிக்கிழமை சாமுண்டி மலைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள், மற்ற நாளில் காலை ஏழு மணிக்குப் போனால் அரை மணித்தியாலத்தில் முடிந்துவிடும். பாஸ்போர்ட் பிரதி நாலைந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றைக் கண்டக்டருக்கென்றே வெளிப்பையில் வையுங்கள். போவதற்கு முன் ஐம்பது கன்னடச் சொல்லாவது படியுங்கள். சால்வைகளை விடுதியிலேயே கொடுத்துவிட்டு வாருங்கள், இரவில் குளிர்கிறவர்களுக்கு உதவும். விமானத்தில் அவற்றைக் கொண்டுவந்து நான் கூடுதல் நிறைக்குக் காசு கட்டினேன்.

யாராவது கால் தகடு வாங்கி வரச் சொன்னால், எந்தக் கால் என்று கேட்டு வாங்குங்கள். மாதையன் அண்ணனை மூன்றாவது வாரம் வீட்டுக்கு விட்டார்கள். கொள்ளேகால் பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு, அக்காவின் பையை மேலே கொடுக்கும்போது என்னால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அக்கா, நான் பொய் சொன்னனான். அது எந்தக் கால் எண்டு நான் பாக்கவேயில்ல."

"தெரியும்," என்றா, பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே. "அன்னைக்கு உம் மூஞ்சியப் பாத்தப்பவே தெரியும். அதனாலதா திங்கக்கெழம உன்ன ஜெபம் பண்ணச் சொன்னே. தப்பாச் சொன்ன ஆளுதானே அம்மிணி போயித் திருத்திச் சொல்லோணும்?"

கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் புறப்பட்டுவிட்டது.