குணம் அத்தானின் மீன்

இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் அன்பான உறவுகளே, நண்பர்களே, கீழே நான் எழுதப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பமாட்டீர்கள் என்று முதலிலேயே சத்தியம் செய்து தருகிறேன். நான் ஒஸ்லோவுக்கு வந்த நாள் முதல் சொன்ன எதையும் நீங்கள் நம்பியதில்லை. அந்த நல்ல பழக்கத்தை இன்றைக்கு மட்டும் கைவிடுங்கள் என்று கேட்க எனக்கு முகமும் இல்லை.

செய்தி வந்தபோது நான் ரொம்மனில், வீட்டு வாசலில், காரின் கண்ணாடியில் படிந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். பொதுவாக அந்த வேலையை ஏதோ மலையைக் குடைந்து பாதை போடுபவன் போல அயலவர்களுக்கு வர்ணித்தபடிதான் செய்வேன். தொலைபேசியில் மருமகள் ஆரணி, என் அக்காவின் மகள். "மாமா, அப்பா எழும்பேல்லை" என்றாள். பாதி சுரண்டிய காரை அப்படியே விட்டுவிட்டு ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த அக்கா வீட்டுக்கு நடந்தே போனேன். நான் வாய் திறக்காமல் நடந்து போவதைக் கண்ட ஒருவர், ஏதோ பெரிய இழவு நடந்துவிட்டது என்று அப்போதே விளங்கிக்கொண்டாராம்.

காரியங்கள் முடிந்த பிறகு ஆரணி வந்து, முப்பத்தோராம் நாள் மலருக்கு நான் ஒரு கட்டுரை எழுதவேண்டும் என்றாள். "ஆனால் மாமா, ஆர்லி தால்த், இதிலை மட்டும் புளுகாதேங்கோ." இந்த நாட்டுப் பிள்ளைகள் நேர்மையைப் பற்றிப் பேசும்போது நோர்வேஜிய மொழிக்கு மாறிவிடுகிறார்கள். தமிழில் என்னிடம் அதைக் கேட்டுப் பயனில்லை என்று நினைக்கிறார்களோ தெரியாது.

அவள் போன பின் அக்கா குசினிக் கதவைச் சாத்திவிட்டு என் எதிரே இருந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். பகிடி விடாமல் சொல்லு. அவர் எனக்கு ஒருநாளும் பொய் சொன்னதில்லை எண்டு செத்த வீட்டுக்கு வந்த எல்லாருக்கும் சொன்னனான். சொல்லேக்கை அந்த மீன் வந்து தொண்டையிலை நிண்டிட்டுது. அவர் உண்மையிலை அந்த மீனைப் பிடிச்சவரோ?"

"ஓம் அக்கா, பிடிச்சவர்" என்றேன்.

"சொல்லுறது நீ, என்ன" என்றார் அக்கா. பிறகு எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விட்டார்.

ஆகவே இந்தக் கட்டுரை ஊருக்காக எழுதப்படுவதுபோல் தோன்றினாலும் ஒரே ஒரு ஆளுக்காகத்தான் எழுதப்படுகிறது. மற்றவர்கள் தாராளமாகக் கூட இருந்து வாசிக்கலாம்.

குணநாயகம் அத்தானை அறியாதவர்களுக்கு அவர் யார் என்று சொல்லவேண்டும். என் அக்காவின் கணவர். ஹவுகன்ஸ்டுவா மாடிவீடுகளின் முடிசூடாத மன்னர். ஒஸ்லோவில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் முதன்முதலில் இந்த நாட்டில் கால் வைத்தபோது குளிர் எப்படியிருந்ததென்றால், என் நிழல்கூட விமானத்தை விட்டு இறங்க மறுத்தது. அத்தான்தான் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். வீடு வரும் வரையில் அவருடைய காதுகள் சிவந்திருந்தன. "எனக்குப் பழகிப்போச்சு" என்றார். காது குளிருக்குப் பழகாது என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அக்கா சொல்வது தவறு. அத்தான் இந்த மாதிரிப் பொய்கள் சொல்லுவார்.

பஸ் ஓட்டுவதில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. தரிப்பிடத்தில் எல்லோரும் ஏறி முடிந்ததும் கதவை மூடாமல் கண்ணாடியில் ஒருமுறை பின்னால் பார்ப்பார். "ஆராவது ஓடி வருவினம்" என்பார். அநேகமாக யாராவது ஓடி வருவார்கள். அநேகமாக அது நானாக இருக்கும். ஒருநாள் நான் ரொம்மனிலிருந்து அவருடைய பஸ்ஸைத் துரத்தி ஓடிய வேகத்தில் பஸ்ஸை முந்தி அடுத்த தரிப்பிடத்தில் நின்று, நான் அவருக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. அவர் கதவைத் திறந்து, "ஏன்டா, பஸ் பிந்திப்போச்சே?" என்று கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. என் புளுகுகளை மறுக்காமல், அவற்றுக்குள்ளேயே ஏறி உட்கார்ந்து பயணம் செய்யத் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான்.

கார்ப் மீன் அவருடைய வாழ்க்கைக்குள் வந்தது ஒரு போலந்துக்காரரால். அத்தானோடு பஸ் ஓட்டியவர். அந்த மனிதர் தன் ஊரில் நத்தார் பண்டிகைக்குச் சாப்பிடும் மீன் என்று கார்ப்பைப் பற்றிச் சொல்ல, அத்தான் அதன் பின்னால் பைத்தியமானார். லில்லெஸ்ட்ரோமுக்கு அப்பால் ஒரு தோட்டக்காரரின் காணிக்குள் ஒரு பழைய குளம். பக்கத்திலே பூ வளர்க்கும் பெரிய கண்ணாடி வீடு. அதிலிருந்து வெளியேறும் சூட்டுத் தண்ணீர் குளத்தின் ஒரு மூலையில் விழுவதால், நோர்வே முழுவதும் கல்லாய் உறைந்தாலும் அந்த மூலை மட்டும் உறையாது. தோட்டக்காரர் மீன்பிடிக்க விட்டார், ஒரே ஒரு நிபந்தனையோடு. பிடித்த மீனை மறுபடி தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அத்தான் கை கொடுத்துச் சொல்லும் கொடுத்தார்.

இதை அவர் அக்காவிடம் மறைக்கவில்லை. அக்காதான் பகிடி என்று நினைத்தார். "பிடிச்ச மீனை விடுற மனுசரும் உலகத்திலை இருக்கினமோ? அதுக்கு இஞ்சை இருந்து டிவி பாக்கலாமே." எங்கள் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள். சட்டிக்கு வராத மீனுக்கு எங்கள் மொழியில் பெயர் வைக்கவே யாரும் மெனக்கெட்டதில்லை.

ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் அத்தான் கூடாரம், தூண்டில் தடிகள், அடுப்பு எல்லாவற்றோடும் அந்தக் குளத்துக்குப் பயணமானார். மற்றவர்கள் விடுமுறைக்குக் கனாரித் தீவுகளுக்குப் போவார்கள். நான் என் விடுமுறையை எடுத்துக்கொண்டு அவரோடு லில்லெஸ்ட்ரோமுக்குப் போனேன். காரில் அரைமணித்தியாலம். அக்கா வாசலில் நின்று, "இந்தா கிடக்கிற இடத்துக்கு ஏதோ கப்பலேறுற மாதிரி மூட்டை கட்டிக்கொண்டு போகினம்" என்றார். போய்ப் பிடித்துக்கொண்டு பின்னேரம் வீட்டுக்கு வரக்கூடாதா என்று நானும் கேட்டேன். அத்தான் விளக்கினார். "குளிருக்கு அது அடியிலை படுத்துக் கிடக்கும் தம்பி. சாப்பிட மனம் வராது. ஒருக்கால்தான் வாய் திறக்கும். அந்த நேரம் நாங்கள் அங்கை இருக்கவேணும்."

கிழமைக் கணக்காக இருந்தோம். எவ்வளவு குளிர் என்றால், பிளாஸ்கில் இருந்த தேத்தண்ணியைப் பிச்சுவாக் கத்தியால் வெட்டி ஆளுக்கொரு துண்டாகச் சாப்பிட்டோம். கூடாரத்துக்குள் கனவு காணத் தொடங்கினால் அது பாதியில் உறைந்து, மீதியை வெயில் வந்த பிறகுதான் காணமுடிந்தது. இரைக்கு அக்கா கட்டித் தந்த புட்டை வாழைப்பழத்தோடு பிசைந்து உருண்டையாக்கித் தூண்டிலில் கொளுவினோம். நாளடைவில் அந்தக் குளத்து மீன்கள், சம்பல் இல்லாத புட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகுமளவுக்கு யாழ்ப்பாணத்தார் ஆகிவிட்டன. ஆனால் ஒன்றும் தூண்டிலைத் தொடவில்லை. மீன் இழுத்தால் கூவும் சின்னப் பெட்டி ஒன்று ஒவ்வொரு தடியின் கீழும் இருந்தது. அவை ஊமையாகவே கிடந்தன.

கடைசி நாள் காலை சாமான்களைக் கட்டத் தொடங்கினோம். கம்பிகளை உருவிய பிறகும் கூடாரம் விறைத்துப்போய்த் தானாகவே நின்றது; அதை மடிப்பதற்குப் பதில் இரண்டு பேருமாகக் கட்டிப்பிடித்து அடக்கவேண்டியிருந்தது. அடுப்பு, கதிரை, கைவலை என்று ஒவ்வொன்றாகக் காருக்குப் போயின. தடிகளையும் சுருட்டினோம். கடைசித் தடியில் நான் கை வைத்தபோது அத்தான் தடுத்தார்.

"அதை விடு. தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எடுப்பம்."

"அத்தான், வந்த நாளிலையிருந்து வராத மீனோ இந்தத் தேத்தண்ணிக்கு வரப்போகுது?"

"ஆராவது ஓடி வருவினம்" என்றார்.

பெட்டி கூவியது.

அதன்பின் நடந்த மகாயுத்தத்தை எழுத இந்த மலரின் பக்கங்கள் போதா. தடி வில்லாக வளைந்து அதன் நுனி அத்தானின் முழங்காலைக் கும்பிட்டது. மீனின் தலை இக்கரையில் தெரிந்தபோது அதன் வால் சுவீடன் எல்லையில் சுங்கப் பரிசோதனைக்காக நின்றது. ஒவ்வொரு செதிலும் அக்காவின் தோசைக்கல் அளவு. நான் காருக்கு ஓடிக் கைவலையை எடுத்து வருவதற்குள் கண்ணாடி வீட்டுக்குள் இருந்த ரோசாக்கள் எல்லாம் எட்டிப் பார்த்தன. ஒருவாறு கரைக்குக் கொண்டுவந்து, மீனுக்குக் காயம் படாமல் நனைத்து விரித்த மெத்தையில் கிடத்தினோம். பொன்னிறம். அத்தான் முழங்காலில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

படம் எடுக்க என் போனை எடுத்தேன். குளிரில் செத்துக் கிடந்தது. அவருடைய போனும் அப்படியே. குளிரில் போன் சாவது இந்த நாட்டில் யார் சொன்னாலும் நம்பக்கூடிய விஷயம், என்னைத் தவிர.

"அத்தான்," என்றேன், "தோட்டக்காரர் ஸ்பெயினிலை வெயில் காயுறார். அக்கா அங்கை சட்டியோடை நிக்கிறா. கொண்டு போவம். ஆருக்குத் தெரியும்?"

"அவர் ஸ்பெயினிலைதான். நான் குடுத்த சொல்லு இஞ்சைதானே கிடக்கு. என்ரை காலைப் பிடி."

மேல்சட்டையைக் கழற்றி என்னிடம் தந்தார். உள்ளே அக்கா பின்னிக் கொடுத்த நீலக் கம்பளிச் சுவெற்றர். பனிக்கட்டி விளிம்பில் குப்புறப் படுத்தார். நான் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, மீனைத் தண்ணீருக்குள் இறக்கி, வலது கையால் அதன் வயிற்றைத் தாங்கிக்கொண்டிருந்தார். களைத்த மீனை உடனே விட்டால் கவிழ்ந்துவிடும். அதற்கு மூச்சு வரும்வரை பிடித்திருக்க வேண்டுமாம். கரை சரிந்து ஆழமாக இருந்ததால் கை இன்னும் கீழே போனது. "காணும் அத்தான், விடுங்கோ" என்றேன். "அது போகட்டும். நான் விடுறதில்லை, அதுதான் போகவேணும்" என்றார். ஒரு கட்டத்தில் அது வாலை மெதுவாக அசைத்தது. போய்விட்டது.

ஹவுகன்ஸ்டுவாவில் அக்கா உறவுகள் எல்லோரையும் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார். இத்தனை நாள் குளத்தடியில் கிடந்த மனிதர் வெறுங்கையோடு வருவார் என்று எந்தப் பெண் நினைப்பாள்? புளி கரைத்து, வெந்தயம் எடுத்து வைத்து, பெரிய சட்டி அடுப்புக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

"எங்கை மீன்?"

"பிடிச்சன். விட்டிட்டன்" என்றார் அத்தான்.

எங்கள் ஒன்றுவிட்ட அண்ணர் ஒருவர் கதிரையில் சாய்ந்தபடி, "நீங்கள் அதை விட்டனீங்களோ, அது உங்களை விட்டதோ?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இவனும் நிண்டவன். கேளுங்கோ."

நான் வாய் திறப்பதற்கு முன்பே எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுந்துவிட்டார்கள். "ஆர், இவனோ சாட்சி? அப்ப விட்டது திமிங்கிலமாத்தான் இருக்கும்." ஒஸ்லோவில் வேறு யார் அன்று அத்தானோடு போயிருந்தாலும் அவருடைய சொல் தப்பியிருக்கும்.

அத்தான் மேல்சட்டையைக் கழற்றினார். அக்காவுக்கு வந்த கோபம் எல்லாம் அவர் போட்டிருந்த உடுப்பில் இறங்கியது. அவரைக் குளியலறைப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். அன்றைக்கு எல்லோரும் ஃபிரீசரில் கிடந்த மக்ரெல் மீன் கறியோடு சாப்பிட்டோம். அத்தான் இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டு, "கறி திறம்" என்றார்.

அதன்பிறகு எங்கள் வட்டத்தில் வராத எதற்கும் குணம் அண்ணையின் மீன் என்று பெயர் வந்தது. பஸ் பிந்தினால், சம்பள உயர்வு வராவிட்டால், கலியாண வீட்டில் இரண்டாம் பந்திக்கு வடை முடிந்துவிட்டால், எல்லாம் குணம் அண்ணையின் மீன்தான். அவர் எங்கும் கோபிக்கவில்லை. நான்தான் கண்ட கண்ட இடத்தில் நம்பச் சொல்லி மன்றாடினேன். ஒருநாள் காரில் போகும்போது என்னை மெதுவாகத் தட்டிச் சொன்னார்: "தம்பி, இனி நீ சொல்லாதை. நீ சொல்லச் சொல்ல அது இன்னும் பொய்யாகுது." அவர் சொன்னபடி நானும் நிறுத்தினேன். மீன் விஷயத்தில் கொடுத்த சொல்லைக் காத்த மனிதர், தன் சொல்லை ஊர் கேலி செய்தபோது அதைக் காக்க ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதரை நான் வேறு எங்கும் கண்டதில்லை. இந்த வரியில் மிகைப்படுத்தல் இல்லை.

அத்தான், போய் வாருங்கள். நீங்கள் ஏறிய பஸ்ஸின் சாரதி பின்னால் ஒருமுறை பார்ப்பவராக இருக்கட்டும். ஓடி வரப் பழகிய ஒருவன் இங்கே இருக்கிறேன்.

இனி அக்காவுக்கு. உறைந்த தேத்தண்ணி பொய். சுவீடன் எல்லை பொய். மீன் உங்கள் பெரிய சட்டியில் வைத்தால் வால் மட்டும் வெளியே நிற்கும் அளவுதான். அதையும் நம்பவேண்டாம், சொல்வது நான். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அன்றைக்கு அத்தானின் நீலச் சுவெற்றரில் இடது கை காய்ந்திருந்தது. வலது கை மட்டும் தோள்மூட்டு வரை நனைந்து, குளத்துச் சேறு மணத்தது. "எங்கை போய் விழுந்தனீங்கள்?" என்று ஏசினீர்கள். அதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை அக்கா. அந்தக் கையைப் பிழிந்தது நீங்கள்தான்.