கடைசியாக எப்போது நன்றாக இருந்தாள்?

அக்காவின் செருப்புகளைக் கையில் பிடித்தபடி மாமா அவசரப் பிரிவின் வாசலில் நின்றதுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மாரண்டஹள்ளியிலிருந்து அவளைக் காரில் கிடத்திக் கொண்டுவந்தவர், திரும்பும்போது நடந்து வருவாள் என்று நம்பி அவற்றையும் எடுத்து வந்திருந்தார். மாமா, அக்காவின் கணவர், தக்காளி பயிரிடுபவர். நான் தருமபுரியில் அந்த மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன்.

காலை ஆறு மணிக்கே அவர் எனக்குப் போன் செய்திருந்தார். "எழுப்பிப் பார்த்தேன்மா, எந்திரிக்கல. வாய் கோணியிருக்குது. வலது கையைத் தூக்குனா விழுவுது." எப்போது படுத்தாள் என்று கேட்டேன். "ஒம்பது மணிக்கு. நல்லாத்தான் இருந்தா." பக்கவாதம் என்று புரிந்தது. கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் வந்தால் கட்டியைக் கரைக்க ஊசி போடுவார்கள், உடனே கிளம்புங்கள் என்று பதற்றத்தில் சொன்னவளும் நான்தான்.

ஸ்கேன் முடியும்வரை மாமா என்னருகில் உட்கார்ந்திருந்தார். மூளைக்குப் போகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்திருக்கும் என்றேன். அந்தக் கட்டியை நூல் நூலாக வெட்டிக் கரைக்கும் நொதி நம் இரத்தத்திலேயே உறங்கிக் கிடக்கிறது. குழாயின் சுவரிலிருந்து சுரக்கும் இன்னொரு நொதி அதை எழுப்பிவிடுகிறது. "அப்ப அதுவே கரைச்சிடாதா?" என்று கேட்டார். கரைக்கும், ஆனால் மெதுவாக. அது வரம்பு மீறி ஓடினால் காயம் எதுவும் ஆறாது என்பதால், அதைப் பிடித்து நிறுத்தும் பொருள்களும் இரத்தத்திலேயே உண்டு. ஊசி, அந்த எழுப்பும் நொதியையே உடம்பு தாங்கும் கணக்கைத் தாண்டிச் செலுத்துவது. நேரம் கடந்து செலுத்தினால், நைந்துபோன குழாய்கள் மூளைக்குள்ளேயே கசியலாம். எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

டாக்டர் வந்து கேட்டார்: "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"அஞ்சரைக்கு எந்திரிச்சு பால் காய்ச்சுனாளுங்க சார். எங்கூட பேசுனா. அப்புறந்தான் விழுந்தா."

மாமா பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. டாக்டர் மருந்துக்குச் சொல்லத் திரும்பினார். அக்காவைப் பார்த்தேன், கண்கள் திறந்திருந்தன. என் வாய் தானாகவே பேசியது போலிருந்தது. "இல்லைங்க சார். காலையில எழுப்பும்போதே இப்படித்தான் இருந்தாங்க. ராத்திரி ஒம்பதுக்கு மேல யாரும் பார்க்கல." டாக்டர் மாமாவைப் பார்த்தார். மாமா மறுக்கவில்லை. ஊசி போடப்படவில்லை.

அக்கா பிழைத்தாள். காலில் ஓரளவு வலு வந்தது. வலது கை வரவில்லை. ஒரு வருடம் கழித்துத்தான் சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. மாமா அவளுக்குத் தலை பின்னிவிடக் கற்றுக்கொண்டார். நான் அவர்கள் வீட்டுக்குப் போகும்போது 'வாம்மா' என்பதோடு எழுந்து தோட்டத்துக்குப் போய்விடுவார். ஒரே ஒருமுறை, பாலக்கோட்டில் பேருந்துக்குக் காத்திருந்தபோது கேட்டார். "அன்னிக்கு நீ சும்மா இருந்திருந்தா, அவ கை வந்திருக்குமா?"

"வந்திருக்கலாங்க மாமா. செத்தும் போயிருக்கலாம். எனக்குத் தெரியலைங்க."

"தெரியலைதான்," என்றார். பேருந்து வந்துவிட்டது.

இந்தத் தை மாதம் மாமா போய்விட்டார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, அக்காவும் நானும் மட்டும் சாப்பிட உட்கார்ந்தோம். இத்தனை வருடம் கேட்கத் துணியாததைக் கேட்டேன்: அன்று நாங்கள் பேசியது உனக்குக் கேட்டதா?

"எல்லாம் கேட்டுச்சு," என்றாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி. "அவரு சொன்னதும் கேட்டுச்சு. நீ சொன்னதும் கேட்டுச்சு."

ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

"எனக்கு அன்னிக்கு வாய் வந்திருந்தா, நானும் அஞ்சரைன்னுதான் சொல்லியிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. இடது கையால் கரண்டியை எடுத்து, மெதுவாக, சிந்தாமல், என் தட்டில் சோறு போட்டாள்.