நடு நூர் டாக்கீஸில் பாதிப் படம்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்தேன். ஏதோ ஒரு சேனலில் பழைய படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. பார்த்த படம்தான். ஆனாலும் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டேன். வெளியே மழை, கையில் காபி... ரிட்டயரான டீச்சருக்கு வேறென்ன வேலை?

சின்ன வயசில் திருவிழாக் கூட்டத்தில் பிரிந்துபோன அக்கா, தங்கை கதை. (படத்தின் பெயர் வேண்டாம். சொன்னால், முடிவைப் போட்டு உடைத்துவிட்டேன் என்று கடிதம் எழுதுவீர்கள்.) தங்கை உயிரோடுதான் இருக்கிறாள், நோயாளியாக ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள் என்று அக்காவுக்குத் தெரியவருகிறது. ஸ்டேஷனுக்கு ஓடுகிறாள். ரயில் நகரத் தொடங்கிவிட்டது. கம்பியைப் பிடித்துத் தொற்றி ஏறுகிறாள். இடைவேளை.

அப்புறம் ஊர் ஊராகத் தேடுகிறாள். கடைசியில் அந்த ஆஸ்பத்திரியைக் கண்டுபிடித்து உள்ளே போனால் - கட்டில் காலி. தலையணை மேல் இரண்டு வளையல். தங்கை முதல் நாளே இறந்துபோயிருக்கிறாள். சோகப் பாட்டு. வணக்கம்.

நான் சோபாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன்.

ஏன் தெரியுமா? இந்தப் படத்தில் தங்கை சாக மாட்டாள். எனக்குத் தெரியும். நாற்பது வருஷமாகத் தெரியும். அக்கா போய்ச் சேரும்போது தங்கை கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள். கடைசி சீனில் இரண்டு பேரும் ஒரே அடுப்படியில் நின்று, முதல் தோசை யாருக்கு என்று சண்டை போடுவார்கள். மழை நாட்களில் பாடம் நடத்த முடியாதபோது எத்தனை வகுப்புகளுக்கு நான் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்!

காபி ஆறிப்போனது. மெதுவாகத்தான் உறைத்தது. அந்தப் படத்தின் முதல் பாதியைத்தான் நான் பார்த்தேன். இரண்டாம் பாதியைப் பார்க்கவில்லை... கேட்டேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. வேலைக்குச் சேர்ந்த புதுசு. பெருமாள்மலையில் ஒரு வாடகை அறையில் இருந்தேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் சினிமா என்றால் ராவுத்தர்தான். மிளகு, பூண்டு வியாபாரி. ஆனால் உயிர் சினிமாவில். மூன்று கொட்டகை வைத்திருந்தார். மூன்றுக்கும் ஒரே பெயர் - நூர் டாக்கீஸ். குழப்பம் வரக் கூடாது என்று ஜனங்களே பெயரைப் பிரித்துக்கொண்டார்கள். அடிவாரத்தில் கன்னிவாடியில் இருந்தது கீழ நூர். பெருமாள்மலையில் நடு நூர். கொடைக்கானலில் மேல நூர்.

இன்றைக்கு மால்களில் பத்து ஸ்க்ரீன் வைத்திருக்கிறவர்கள் பெருமையடித்துக்கொள்கிறார்கள். ராவுத்தர் அப்போதே மூன்று ஸ்க்ரீன் நடத்தியவர். என்ன, ஒவ்வொரு ஸ்க்ரீனுக்கும் நடுவில் மலைப்பாதை இருக்கும்.

படம் முதலில் கீழ நூரில் ஒரு வாரம் ஓடும். பிறகு படப்பெட்டி பஸ் ஏறி மேலே வரும். மேலே வந்தபிறகு ஒரே பிரிண்ட்டை இரண்டு கொட்டகையிலும் ஓட்டுவார். எப்படி? மேல நூரில் மத்தியானக் காட்சி முதலில் ஆரம்பிக்கும். அங்கே முதல் பாதி முடிந்ததும் அந்த ரீல்கள் ஜீப்பில் கீழே இறங்கி நடு நூருக்கு வரும். நாங்கள் முதல் பாதி பார்த்து முடிப்பதற்குள் இரண்டாம் பாதி அடுத்த ஜீப்பில் வந்துவிடும். ஒரு நாளும் தவறியதில்லை, ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தவிர.

மேல நூரில் பூம்பாறைக்காரர்கள் வந்து உட்கார்ந்தால் கொட்டகை முழுக்கப் பூண்டு வாசம் அடிக்கும் என்பார்கள். நடு நூரின் அடையாளம் வேறு - தகரக் கூரை. மழை பெய்தால் வசனம் கேட்காது. கதாநாயகன் வாயசைப்பதைப் பார்த்து நாமே வசனம் போட்டுக்கொள்ள வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர். இரண்டு பக்கமும் பெஞ்சு. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, குரங்குக் குல்லா போட்ட பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு எஸ்டேட் ஜனம் உட்கார்ந்திருக்கும். ஆறு மைல், ஏழு மைல் நடந்து வந்தவர்கள்.

அந்த ஞாயிறும் மழை. அக்கா ரயிலில் தொற்றி ஏறினாள். இடைவேளை விட்டார்கள். கடலை வாங்கிச் சாப்பிட்டோம். பத்து நிமிஷம் ஆனது. அரை மணி ஆனது. பெட்டி வரவில்லை.

ஆண்கள் பக்கம் விசில் ஆரம்பித்தது. "ஏலே, பெட்டி எங்கலே?" என்று ஒரு குரல். யாரோ பெஞ்சைத் தூக்கித் தரையில் அடித்தார்கள். ராவுத்தர் கையில் டார்ச்சோடு திரைக்கு முன்னால் வந்து நின்றார். ஜீப்பில் ஊர் ஊராக விளம்பரம் செய்யும் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"சில்வர் கேஸ்கேட் பக்கத்துல ரோட்டுக்குக் குறுக்க மரம் விழுந்து கெடக்குங்க. பெட்டி அங்கிட்டே நின்னுபோச்சு. நாளைக்கு வாங்க, பின்பாதியைச் சும்மா போட்டுக் காட்டுறேன்."

"நாளைக்கு வெள்ளனே சோலிக்குப் போகணும். நீங்க வந்து கொழுந்து பறிப்பீங்களா?"

ஒரு கடலைப் பொட்டலம் பறந்து வந்து திரையில் பட்டது. அடுத்து ஒரு கல். வெள்ளைத் துணியில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். அவர் முகம் இப்போதும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கோபம் இல்லை... கையால் அந்த ஓட்டையை மூடப் போகிறவர் மாதிரி நின்றார்.

"எதையாச்சும் பண்ணுங்க. அந்தத் தங்கச்சி என்ன ஆனா? அதைச் சொல்லுங்க" என்று ஒரு பெரியவர் கத்தினார்.

அப்போதுதான் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர். என்னைவிட மூன்று நாலு வயது கூட இருக்கும்.

"நான் பாத்திருக்கேங்க. போன வாரம் கன்னிவாடியில. சித்தப்பா வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தேன்."

சொன்னது பக்கத்தில் இருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ராவுத்தருக்குக் கேட்டது. வேகமாக வந்து மைக்கை அவள் கையில் கொடுத்தார். ஷாக் அடிக்குமோ என்று பயந்து அதை ஒரு முழம் தள்ளியே பிடித்தாள்.

"பாக்கியம், உக்காரு" - ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். அவள் புருஷன். கொட்டகையே அவனைத் திரும்பிப் பார்த்தது. பாக்கியமும் பார்த்தாள். ஒரு நிமிஷம் நின்றாள். உட்கார்ந்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

உட்காரவில்லை. பெஞ்சு மேல் ஏறி நின்றாள்.

"அந்த அக்காக்காரி ரயில்ல ஏறுனாள்ல... உள்ள போனா உக்கார இடமில்ல" என்று ஆரம்பித்தாள்.

முக்கால் மணி நேரம் சொன்னாள். டிக்கெட் பரிசோதகர் பேசுவது மாதிரி பேசினாள், நர்ஸ் மாதிரி நடந்து காட்டினாள். மழை பலமாகும்போது நிறுத்துவாள், குறைந்ததும் தொடருவாள். "பாட்டு இல்லையாக்கா?" என்று யாரோ கேட்டதற்கு, "ரெண்டு இருக்கு. ஒண்ணு நல்லாருக்கும். இன்னொண்ணுக்கு நீங்க வெளிய போய் டீ குடிச்சுக்கலாம்" என்றாள். கொட்டகை சிரித்தது. பெஞ்சை அடித்தவனும் சிரித்தான்.

ஆஸ்பத்திரிக்குள் அக்கா நுழையும் இடம் வந்ததும் நிறுத்திவிட்டாள். மழையால் இல்லை. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. பிறகு, "தங்கச்சி கட்டில்ல உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்கா" என்றாள். என் பெஞ்சில் இருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். நானும்தான். தோசைச் சண்டை வந்ததும் அதே கண்ணீரோடு சிரித்தோம்.

அதற்கப்புறம் யாரும் திரையில் கல் எறியவில்லை. எல்லோரும் எழுந்து மழையில் நடந்து போனார்கள். கதைதான் முடிந்துவிட்டதே என்று மறுநாள் நான் போகவில்லை.

அடுத்த வருஷம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றல். பாக்கியத்தை அப்புறம் பார்க்கவே இல்லை.

அப்படியானால்... அன்றைக்கு அவள் சொன்னது?

புதன்கிழமை பஸ் ஏறிப் பெருமாள்மலையில் இறங்கினேன். ஜங்ஷனில் சாக்கு, கயிறு விற்கும் கடையில் ராவுத்தரின் மகன் பஷீர் இருந்தார். நடு நூர் இப்போது அவருடைய கேரட் குடோன். கீழ நூர் கல்யாண மண்டபமாகிவிட்டது. மேல நூர் இருந்த இடத்தில் ஒரு லாட்ஜின் கார் பார்க்கிங்.

நான் கேட்டதும் பஷீர் சிரித்துவிட்டார்.

"அத்தா அந்தப் படத்தைக் கன்னிவாடியிலயே பாத்துட்டாருங்க, டீச்சர். அந்தக்கா கதையை மாத்துறப்ப கதவுகிட்ட நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லல."

"மறுநாள் வந்து நிஜமான முடிவைப் பார்த்தவர்கள்?"

"அது பெரிய கூத்துங்க. ஏழெட்டுப் பேரு வந்தாங்க. படம் முடிஞ்சதும் அத்தாகிட்ட சண்டை. கடைசி ரீலை வெட்டிட்டீங்க, தோசை சுடுற சீன் எங்கன்னு. அவங்க அந்தக்காவைத்தான் நம்புனாங்க, படத்தை நம்பல."

பாக்கியம் இருக்கும் தெருவையும் அவரே காட்டினார். மெயின் ரோட்டிலிருந்து கீழே இறங்கினால் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கும் காலனி. பாக்கியம் வாசலில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரித்துக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். டி.வி.யில் படம் பார்த்ததைச் சொன்னேன். கையிலிருந்த பீன்ஸைக் கீழே வைத்தார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?" என்றார். "உள்ள வாங்க, தேத்தண்ணி ஊத்துறேன்."

டீ வந்தது. ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டேன். வேண்டுமென்றே செய்ததா, மறந்துபோனதா?

"எல்லாம் ஞாபகம் இருந்துச்சு டீச்சர். வளையலு, தலகாணி, அம்புட்டும். மாத்தணும்னு எந்திரிக்கல. எங்க குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் கெடச்சுச்சு. தங்கச்சிக்கு அங்கனயே கல்யாணமாயிருச்சு, அவ புருஷன் வீட்டுக்கு சிலோன் பிரஜா உரிமை. நாங்க கோச்சி ஏறுனோம், அவ பிளாட்பாரத்துல நின்னா. அந்தப் படம் வந்த வருஷம் அங்க கலவரம்னு பேப்பர்ல போட்டிருந்தான். எட்டு மாசமா அவகிட்டருந்து கடுதாசி இல்ல."

கோச்சி என்றால் ரயில். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அந்த எடம் வந்துச்சு. தங்கச்சி செத்துட்டான்னு சொல்லணும். என் வாயால சொல்ல வரல. அவ்வளவுதான்."

நான் டீயைக் குடித்து முடித்தேன்.

"வீட்டுக்காரர் திட்டினாரா?" என்று அப்புறம் கேட்டேன்.

"ரெண்டு நாளு பேசல. அம்புட்டு ஆம்பளைக்கு முன்னால பெஞ்சுல ஏறிட்டேன்ல. மூணாம் நாளு காலைல கேட்டாரு, நெசமாவே அப்பிடித்தான் முடியுதான்னு. இல்லைங்க, செத்துப்போயிருவான்னேன். எந்திரிச்சுப் போயி அடுப்பைப் பத்தவச்சு, அவரே தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாரு. கல்யாணமாகி அதான் மொதத் தடவை."

"கடிதம் வந்ததா அக்கா?"

"வந்துச்சு. அப்புறமும் ஒரு வருஷம் கழிச்சு. வவுனியா பக்கம் போயிட்டாளாம். நேர்ல பாத்துக்கவே இல்ல, ரெண்டு பேருக்கும் தோது அமையல. இப்ப பேத்தி போன்ல காட்டுறா. வாரத்துக்கு ரெண்டு வாட்டி பேசுறோம். அவளுக்குப் பல்லெல்லாம் போச்சு. எனக்கு இருக்கு" என்று பல்லைக் காட்டிச் சிரித்தார்.

தியேட்டர்களின் கதையை எழுதுகிறவர்கள் என்ன எழுதுவார்கள்? யார் கட்டியது, என்ன படம் நூறு நாள் ஓடியது, எப்போது இடித்தார்கள்... அதெல்லாம் வேண்டியதுதான். நூரில் பெஞ்சு மேல் ஏறி நின்ற ஒரு பெண்ணின் முக்கால் மணி நேரத்தை யார் எழுதுவார்கள்? இப்போது போனில் தனியாகப் படம் பார்க்கிறோம். நடுவில் நின்றுபோனால் நெட் வரும்வரை வட்டம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். பக்கத்தில் எழுந்திருக்க ஆள் இல்லை.

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். ஏதோ கேட்க நினைத்துத் தயங்குவது தெரிந்தது.

"டி.வி.யிலயும் அவ சாகத்தான் செய்றாளா டீச்சர்?"

"ஆமாக்கா."

"ம்... அந்தப் படத்தை எடுத்தவருக்குக் கூடப்பொறந்தவங்க யாருமில்ல போல."

நான் முடிவு செய்துவிட்டேன். இனியும் யாராவது இந்தக் கதையைக் கேட்டால் பாக்கியம் சொன்னபடியேதான் சொல்வேன். டைரக்டர் கோபித்துக்கொள்வதானால் கோபித்துக்கொள்ளட்டும்.