பொம்மைக்கு உடுத்திய காலைகள்

நேற்றுக் கண்டியில் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது பக்கத்துத் துணிக்கடையின் கதவு திறந்து, புதுத்துணியின் கஞ்சி வாசம் வந்தது. உள்ளே தலையில்லாத பொம்மை ஒன்று, போன மாதம் போட்டிருந்த அதே நீலச் சட்டையோடு நின்றது. செல்வி பார்த்திருந்தால் கடைக்காரரோடு சண்டைக்கே போயிருப்பாள்.

அக்குறணையில் என் மாமாவின் துணிக்கடையில் நானும் அவளும் வேலை செய்தோம். எனக்கு மருமகன் என்பதால் கிடைத்த வேலை. துணியை நேராக வெட்டக்கூட வராது. செல்வி வத்தேகமப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ் மாறி வருவாள். வந்ததும் வாசல் பொம்மைக்கு உடுத்துவாள், வழியில் கண்ட ஏதோ ஒன்றின் நிறத்தில்.

"இண்டைக்கு என்ன?" என்று கேட்பேன்.

"பொல்கொல்லக்கிட்ட ஆறு சாம்பலா கெடந்துச்சு. ஓரத்துல மட்டும் கொஞ்சூண்டு வெயிலு."

சாம்பல் புடவைக்கு மஞ்சள் கரை வந்துவிடும். மீன்கடைக்காரர் கை கழுவிய தண்ணீரைக்கூட ஒரு நாள் பொம்மைக்கு உடுத்தினாள், மங்கிய இளஞ்சிவப்பு. நானும் பஸ்ஸில்தான் வந்தேன், வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு.

பிறகு ஒரு மழையில் கடைக்குப் பின்னால் ஓடும் ஓயா ஆறு பெருகிக் கடைக்குள் புகுந்தது. துணியெல்லாம் சேறு. "இனி ஏலா. கடைய மூடத்தான் வேணும்," என்றார் மாமா. எனக்கு வேறு வேலை கிடைத்துவிடும். செல்வி வீட்டில் அந்தச் சம்பளத்தில்தான் அடுப்பெரிந்தது.

தண்ணீர் வடிந்தபின் துப்புரவாக்கப் போனோம். செல்வி பொம்மையைச் சேற்றிலிருந்து தூக்கிக் கழுவினாள். வழக்கம்போல் உடுத்தினாள். வெள்ளைத் துணி; அதில் சேறு காய்ந்து வரிவரியாகப் படிந்திருந்தது.

"தண்ணி எறங்குன தடம் அப்படியே இருக்கு, முதலாளி. கழுவ மனசு வரல."

மாமா கதிரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். திட்டப் போகிறார் என்று பயந்தேன். அழகாகத்தான் இருந்தது, எங்களை அழித்த சேறு அழகாக இருந்தது எனக்கு வலித்தது.

"இண்டைக்கு இது இருக்கட்டும் புள்ள," என்றார் கடைசியில். "நாளைக்கு வேற உடுத்துங்க."

செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அப்படித்தான் கடை மறுபடி திறந்தது.

இப்போது மாமா மௌத்தாகி அடக்கமாகிவிட்டார். அந்த இடத்தில் போன் கடை. வாசலில் பொம்மை இல்லை. செல்வி கல்யாணமாகிக் கொழும்புப் பக்கம் போனாள். எங்கே என்று தெரியாது.

நான் பஸ்ஸில் தூங்குவதை விட்டுவிட்டேன். நேற்று மாலை கட்டுகஸ்தோட்டைப் பாலத்தைக் கடக்கும்போது ஆறு தேயிலைச் சாயத்தின் நிறத்தில் இருந்தது, நடுவில் ஒரு கொக்கின் வெள்ளை. பதில் என்னிடம் இருந்தது. "இண்டைக்கு என்ன?" என்று கேட்கத்தான் யாரும் இல்லை.