மூன்றாவது துளை

காரைக்காலில் மழைக்கு ஒதுங்கி நின்ற என்னை, திருநள்ளாறு போகும் ஒருவர் காரில் ஏற்றிக்கொண்டார். ஐம்பது வயது இருக்கும். மெலிந்த தோள்கள், மடிப்புக் கலையாத சட்டை. வண்டி ஓட்டும்போதும் அவர் கால்கள் இரண்டும் அசையவே இல்லை. பயந்துபோனேன் என்பதே உண்மை.

ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கம்பியைத் தள்ளினால் பிரேக். இழுத்தால் வண்டி வேகமெடுத்தது. ஒவ்வொரு பள்ளத்தையும் தாண்டியதும் அந்தக் கம்பியைத் தட்டிக்கொடுத்தார்.

"கிளிஞ்சல்மேட்டுல படகு இன்ஜின் பாக்குறவர் செஞ்சதுங்க. உப்புக்காத்துக்குக்கூடத் துரு பிடிக்காது."

கம்பியைப் பொருத்தியிருந்த தகட்டில் மூன்று துளைகள். நடுத்துளையில் போல்ட் இருந்தது. மற்றவை எதற்கு என்று கேட்டேன்.

"தசை வலு கொஞ்சம் கொஞ்சமா குறையிற வியாதிங்க. முன்னாடி முதல் துளையில இருந்துச்சு. கை எட்டலைன்னதும் கிட்ட மாத்திக்கிட்டேன். இதுவும் எட்டாமப் போனா மூணாவது. அன்னைக்குப் போயி துளை போட ஆள் தேட முடியுமா?"

காலியாக இருந்த மூன்றாவது துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அட, உங்க மூஞ்சி ஏங்க தொங்கிப்போச்சு? ஊரு வந்துடுச்சு, இறங்குங்க!" என்று சிரித்தார்.

போன மாதம் கடற்கரைச் சாலையில் அதே கார் நின்றது. அவர் உள்ளே சுண்டல் தின்றுகொண்டிருந்தார். ஜன்னல் வழியே முதலில் தகட்டைத்தான் பார்த்தேன். போல்ட் மூன்றாவது துளைக்கு வந்திருந்தது. அதையும் தாண்டி, அவர் பக்கமாக, பளபளவென்று புதிதாக நான்காவது துளை.

"எண்ணினது போதுங்க, ஏறுங்க!" என்றார்.

ஏறி உட்கார்ந்தேன். எங்கே போகிறோம் என்றுகூடக் கேட்கவில்லை.